விலைவாசியைத் திட்டுவதற்கு முன் பரணில் ஏறிப் பாருங்கள்

எங்கள் குடியிருப்புப் பூங்காவில் மாலை ஐந்தரை மணிக்கு மேல் வேப்பமரத்தடி சிமென்ட் பெஞ்சில் ஏழெட்டுப் பேர் கூடுவோம். எல்லோரும் பென்ஷன்காரர்கள். முதல் பத்து நிமிஷம் முழங்கால் வலி. அடுத்த பத்து நிமிஷம் சர்க்கரை, அதாவது ரத்தத்தில் இருப்பது. அதற்கப்புறம் இருட்டும் வரை விலைவாசிதான். துவரம்பருப்பு என்ன விலை, நல்லெண்ணெய் என்ன விலை, போன மாதம் மளிகைக்கு எவ்வளவு ஆச்சு, இந்த மாதம் எவ்வளவு ஆச்சு. பதினைந்து வருஷமாக இதே பாட்டு. அதில் தாளம் தப்பாமல் கூடப் பாடியவன் நானும்தான்.

இப்போது எழுதப்போவதை அந்த பெஞ்சில் சொன்னால் மறுநாள் எனக்கு உட்கார இடம் கிடைக்காது. அதனால் இங்கே எழுதுகிறேன். விலை ஏறியிருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் நம் வயசுக்காரர்கள் வீட்டில், இரண்டே பேர் சாப்பிடுகிற வீட்டில், மளிகைக்குப் போகிற பணத்தில் ஒரு பெரிய பங்கை விலைவாசி தின்பதில்லை. வீட்டுக்குள் நாம் அடைத்து வைத்திருக்கிற குப்பை தின்கிறது. இருக்கிற சாமான் கண்ணில் படுவதில்லை. கண்ணில் படாததை இல்லையென்று நினைத்து மறுபடி வாங்குகிறோம். பழசு உள்ளே கிடந்து வண்டு வைக்கிறது, புதுசு அதன் மேல் போய் உட்காருகிறது. அப்புறம் பூங்காவுக்குப் போய் அரசாங்கத்தைத் திட்டுகிறோம்.

நான் இதைப் பேசுவதில் ஒரு வேடிக்கை உண்டு. 1972 முதல் 2009 வரை 37 வருஷம் ரயில்வே ஸ்டோர்ஸில் வேலை பார்த்தவன் நான். ஒரு போல்ட் ஆனாலும் அதற்கு ஒரு பி.எல். நம்பர் உண்டு, இருக்க வேண்டிய இடம் உண்டு, அந்த இடத்தில் ஒரு பின் கார்டு தொங்கும். வந்தது எவ்வளவு, கொடுத்தது எவ்வளவு, மிச்சம் எவ்வளவு என்று அதில் இருக்கும். அக்கவுண்ட்ஸ் இலாகாவிலிருந்து ஸ்டாக் வெரிஃபையர் வந்து எண்ணிப் பார்ப்பார். கார்டில் 40 என்று இருந்து கையில் 39 இருந்தால் அந்த ஒன்றுக்குப் பதில் எழுதியே கை நோகும். 24 மாதமாக ஒருத்தரும் கேட்காத சரக்கு சர்ப்ளஸ் என்று தனியாகப் பிரிக்கப்படும். இனியும் கேட்க மாட்டார்கள் என்றால் அது டெட் சர்ப்ளஸ், ஏலத்துக்குப் போக வேண்டியது. இதையெல்லாம் கரைத்துக் குடித்தவன் வீட்டில் நடந்ததைக் கேளுங்கள்.

2024 பொங்கலுக்கு முன் சமையலறைக்குப் பெயின்ட் அடிக்க ஆள் வந்தார். அலமாரி, பரண், மூலை எல்லாவற்றையும் காலி செய்து தரச் சொன்னார். இரண்டு நாள் ஆயிற்று. ஹாலில் சாமான்களைப் பரப்பினோம். சோபா மறைந்து போயிற்று, டிவி மறைந்து போயிற்று, நாங்கள் இருவரும் நடக்க ஒற்றையடிப் பாதை மாதிரி ஒன்று மிஞ்சியது. பழைய பழக்கம் விடவில்லை. நான் ஒரு நோட்டை எடுத்து எண்ண ஆரம்பித்தேன்.

பெருங்காயம் ஆறு டப்பா, அதில் நாலு உடைத்தவை. ரவை ஐந்து பாக்கெட், மூன்றில் வண்டு, ஒன்றில் கூடே கட்டியிருந்தது. சேமியா ஏழு. கடுகு அங்கங்கே இருந்ததைச் சேர்த்தால் ஒன்றேகால் கிலோ. எங்கள் வீட்டில் மாதம் 50 கிராம் கடுகு தாளித்தால் அதிகம், அந்தக் கணக்குக்கு 25 மாதம் கடைக்கே போக வேண்டாம். ஜவ்வரிசி இரண்டு கிலோ, பாயசம் வைத்தே மூன்று வருஷம் ஆகிறது. நல்லெண்ணெய் ஒரு லிட்டர் பிரிக்காமலே காறல் வாடை அடித்தது. கடலை மாவு மூன்று பாக்கெட்டில் மூன்று வெவ்வேறு வருஷம் அச்சடித்திருந்தது. அப்பளம் நாலு கட்டு. அந்த அப்பளத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

இதெல்லாம் ஒரே இடத்தில் இருந்திருந்தால் நாங்கள் என்ன கண் தெரியாதவர்களா? ஏழு இடத்தில் இருந்தது. இரண்டு பரண், ஃபிரிட்ஜின் தலை, கட்டிலுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் வாளி, வாஷிங் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு பை, ஒரு பழைய சூட்கேஸ், அப்புறம் ஐஸ்கிரீம் டப்பாக்களின் மலைக்குப் பின்னால் ஒரு அட்டைப்பெட்டி. அந்த மலையையும் எண்ணினேன், 43 காலி டப்பா. அதில் 19க்கு மூடி கிடையாது. மூடி தனியாக இன்னொரு பையில் இருந்தது, எதுவும் எதற்கும் பொருந்தவில்லை.

எறிய வேண்டியது என்று ஒதுக்கியதற்கு வாங்கிய விலையைப் போட்டுக் கூட்டினேன். 2,870 ரூபாய். பயன்படும் என்று எடுத்து வைத்தது சுமார் 4,100. எங்கள் மாத மளிகை பில் அப்போது 5,500 ரூபாய் ஆகிக்கொண்டிருந்தது. அதாவது ஒன்றேகால் மாதச் சாமான் வீட்டிலேயே ஒளிந்துகொண்டிருக்க, ஒவ்வொரு ஒன்றாம் தேதியும் நாங்கள் முழு லிஸ்ட் எழுதிக்கொண்டிருந்தோம்.

இங்கே ஒருவர் எதிர்வாதம் செய்வார். பெஞ்சில் இருக்கிற ஓய்வுபெற்ற வாத்தியார் ஏற்கெனவே செய்துவிட்டார். "சார், நாம பஞ்சம் பார்த்த தலைமுறை. வாங்கி வைக்கிறது நம்ம ரத்தத்துல இருக்கு. அதைப் போய்க் குத்தம்னு சொல்றீங்களே" என்றார்.

பஞ்சம் நானும் பார்த்தேன். 1965, 66இல் எனக்குப் பதினாறு பதினேழு வயசு. அரிசிக்கு வரிசையில் நின்றிருக்கிறேன். 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்று வாக்குறுதி கொடுத்தபோது எங்கள் தெருவில் அதைத் தவிர வேறு பேச்சே இல்லை. ஆனால் அந்தக் காலத்துப் பெரியவர்கள் வாங்கி வைத்தது எப்படி என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். நெல்லுக்குக் குதிர், அது ஒரே இடத்தில் நிற்கும். துவரைக்குச் செம்மண் கட்டிக் காயவைத்துப் பானையில் போடுவார்கள். அரிசியில் வேப்பிலையோ வசம்போ கிடக்கும், மிளகாய் வற்றல் கிடக்கும். தாளிக்கிற சாமான் எல்லாம் அஞ்சறைப்பெட்டிக்குள். மூடியைத் திறந்தால் ஒரே பார்வையில் கடுகு இருக்கிறதா, வெந்தயம் தீர்ந்ததா என்று தெரிந்துவிடும். அதைவிட நல்ல பின் கார்டை ரயில்வே கூடக் கண்டுபிடிக்கவில்லை. அவர்கள் சேர்த்து வைத்தது தானியத்தை. நாம் சேர்த்து வைப்பது டப்பாவை, கவரை, அட்டைப்பெட்டியை. தானியம் அதற்குள் தொலைந்து போகிறது. இரண்டும் ஒன்று என்று வாத்தியார் சொல்லக்கூடாது.

இன்னொன்றும் சொல்கிறேன். மளிகைக்கடையிலிருந்து சாமான் செய்தித்தாளில் மடித்துச் சணல் சுற்றிய பொட்டலமாக வந்த காலத்தில், பொட்டலத்தை அப்படியே வைக்க முடியாது. பிரித்து டப்பாவில் கொட்டியாக வேண்டும். கொட்டுவதற்கு முன் அடியில் இருக்கிற பழசை எடுத்தாக வேண்டும், டப்பாவைத் துடைத்து வெயிலில் வைத்தாக வேண்டும். ஆக, முதலில் வந்தது முதலில் செலவானது, யாரும் பாடம் எடுக்காமலே. காலி டப்பாதான் இன்டென்ட். டப்பா காலியானால் வாங்கு, காலியாகாவிட்டால் வாங்காதே. இப்போது பாக்கெட் வருகிறது. மூலையை வெட்டி, ரப்பர் பேண்டு போட்டு, இடமிருக்கிற இடத்தில் செருகிவிடுகிறோம். டப்பாவும் இருக்கிறது, அதற்குள் வேறு ஏதோ இருக்கிறது. நம் வீடுகளில் எதுவுமே கண்ணெதிரே தீர்ந்துபோவதில்லை. தீர்ந்துபோவது தெரியாத வீட்டில் இருப்பதும் தெரியாது.

விலை ஏறும் என்று முன்கூட்டியே வாங்குகிற புத்திசாலித்தனத்தையும் நான் செய்து பார்த்துவிட்டேன். 2015 கடைசியில் துவரம்பருப்பு கிலோ 200 ரூபாயைத் தொட்டது உங்களுக்கு நினைவிருக்கும். இன்னும் ஏறும் என்று பயந்து பத்துக் கிலோ வாங்கினேன். பெஞ்சில் பெருமையாகச் சொன்னேன். அப்புறம் விலை இறங்கியது, அது போகட்டும். மூன்று கிலோ வண்டுக்குப் போனது. அதை எங்கே வைத்தோம் என்று ஆறு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. அதைப் பெஞ்சில் சொல்லவில்லை.

ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்பதைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். அதை விடுங்கள். பிள்ளைகளைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. என் மகன் பெங்களூரில் இருக்கிறான். "அப்பா, ஆஃபர் போட்டிருந்தான், அஞ்சு லிட்டர் எண்ணெயும் ரெண்டு கிலோ முந்திரியும் அனுப்பிட்டேன்" என்று போன் வரும். அப்பா அம்மாவுக்குச் செய்ய வேண்டும் என்று அவனுக்கு ஆசை. அங்கிருந்து செய்யக்கூடியது அதுதான். வேண்டாம் என்று சொன்னால் மனசு கஷ்டப்படுவான். சொல்லாமல் இருந்தால் முந்திரி கட்டிலுக்கு அடியில் போகிறது. இப்போது நான் மாதம் ஒரு தடவை அவனுக்கு இருப்புப் பட்டியல் அனுப்புகிறேன். முதலில் சிரித்தான். இப்போது பட்டியலைப் பார்த்துவிட்டுக் கேட்டு அனுப்புகிறான்.

ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பு 2024இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. 2022ஆம் வருஷம் உலகத்தில் வீணான உணவு 105 கோடி டன், அதில் 60 சதவீதம் வீடுகளில் வீணானது என்கிறது அது. ஹோட்டலும் கடையும் எல்லாம் சேர்ந்து மிச்சம் 40தான். கல்யாண மண்டபத்து எச்சில் இலையைக் காட்டிப் பேசுவது நமக்குச் சுலபம். அங்கே கொட்டுவதை ஊரே பார்க்கிறது. நம் வீட்டில் கொட்டுவது ரகசியமாக, கறுப்புக் கவரில், காலை ஆறரைக்குத் தூய்மைப் பணியாளர் வண்டியில் போகிறது.

இனி அப்பளம். இந்தக் கட்டுரையை நான் எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

அந்த இரண்டு நாளும் எண்ணிக்கொண்டே வரும்போது எனக்குக் கோபம் ஏறிக்கொண்டே வந்தது. மாதாமாதம் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு நான் கேட்ட கேள்விகள் எல்லாம் நியாயம் என்று நிரூபணம் ஆனதுபோல ஒரு திருப்தியும் இருந்தது, மறைப்பானேன். "பாரு, ஆறு பெருங்காயம். போன மாசமும் லிஸ்ட்ல எழுதினே" என்று ஆரம்பித்தேன். என் மனைவி பதில் சொல்லவில்லை. நோட்டை வாங்கிப் பார்த்தாள். "இடத்தையெல்லாம் எழுதியிருக்கீங்க. சாமான் ரூமை எழுதலியே" என்றாள்.

எங்கள் வீட்டில் சமையலறையை ஒட்டி ஒரு சின்ன சாமான் அறை உண்டு. நாலு தட்டு. வீடு கட்டும்போது அவள் கேட்டுக் கட்டியது. நான் அதை எழுதவில்லை, ஏனென்றால் அதில் மளிகைச் சாமான் இல்லை. அதில் இருந்தது என் சாமான். 2009இல் ரிட்டயர் ஆன அன்று ஆபீஸிலிருந்து இரண்டு டிரங்குப் பெட்டி கொண்டுவந்தேன். டைரிகள், சர்க்குலர்கள், யூனியன் மலர்கள், எண்ணெய்க் கறை படிந்த பழைய கையேடுகள். கண்ணெதிரே, கை எட்டுகிற உயரத்தில் இருந்த இரண்டு தட்டையும் நான் எடுத்துக்கொண்டேன். கொஞ்ச நாளைக்குத்தான் என்று சொன்னேன். பிறகு மூன்றாவது தட்டில் ஓடாத டேப் ரெக்கார்டர், வி.சி.ஆர்., சுற்று எரிந்த மிக்ஸி மோட்டார், ஒரு நாள் உதவும் என்று வைத்த ஒயர்கள். அவளுடைய எவர்சில்வர் டப்பாக்கள் ஒவ்வொன்றாக அங்கிருந்து கிளம்பி வீடெல்லாம் அலைந்தன. ஏழு இடம் என்று நான் எண்ணினேனே, அது அவள் அடுக்கத் தெரியாமல் வைத்த ஏழு இடம் இல்லை. நான் துரத்திவிட்ட சாமான் ஒதுங்கிய ஏழு இடம்.

ஆரம்பத்தில் இரண்டு தடவை கேட்டாளாம். "ஆபீஸ் பேப்பர், தொடாதே" என்றேனாம். எனக்கு ஞாபகம் இல்லை. அவளுக்கு இருக்கிறது.

2022 ஆடி மாதம் விருந்தாளிகள் வந்தார்கள். அப்பளம் எடுக்க அவள் ஸ்டூல் போட்டுப் பரணில் ஏறினாள். ஸ்டூல் ஆடியது. இடது மணிக்கட்டு முறிந்து ஆறு வாரம் மாவுக்கட்டு. ஆஸ்பத்திரி வாசலில் வைத்தே நான் திட்டினேன். இந்த வயசில் யார் உன்னை ஏறச் சொன்னது என்று. அன்றைக்கு அப்பளம் இரண்டு கட்டு வாஷிங் மெஷின் பக்கத்துப் பையில், இடுப்பு உயரத்தில் இருந்திருக்கிறது. பாக்கெட்டில் அச்சடித்த தேதியைப் பார்த்து இதை 2024இல் நான் கண்டுபிடித்தேன். அவளுக்கும் அது இருப்பது தெரியாது, எனக்கும் தெரியாது. என் சர்க்குலர்கள் மட்டும் எங்கே இருக்கின்றன என்று எங்கள் இருவருக்கும் நன்றாகத் தெரியும்.

அதனால் பெஞ்சு நண்பர்களே, உங்களிடம் நேராகக் கேட்கிறேன். வீட்டுச் செலவு அதிகம் என்று மனைவியைக் கேள்வி கேட்கிறீர்களே, உங்கள் வீட்டில் கை எட்டுகிற உயரத்தில் இருக்கிற தட்டு யாருடையது? 1980களின் பத்திரிகைக் கட்டு யாருடையது? டி.வி. வந்த அட்டைப்பெட்டியைப் பரணில் வைத்தது யார்? மளிகைக்கு எவ்வளவு ஆயிற்று என்று கேட்கிற நாம், மளிகை வைக்க எவ்வளவு இடம் விட்டோம் என்று ஒரு நாளாவது கேட்டிருக்கிறோமா? பெண்களிடம் ஐஸ்கிரீம் டப்பா சேர்க்கிற பழக்கம் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 43 டப்பாவும் ஒன்றுக்குள் ஒன்று போட்டால் ஒரு சாக்குக்குள் அடங்கும். என் டிரங்குப் பெட்டிகள் எதற்குள்ளும் அடங்காது.

பிப்ரவரியில் மளிகை பில் 1,900 வந்தது. மார்ச்சில் 2,600. உள்ளே இருந்ததைத் தின்று தீர்த்தோம், ஜவ்வரிசிப் பாயசம் நாலு தடவை. ஏப்ரலிலிருந்து 3,800 அளவில் நிற்கிறது. 5,500க்கும் இதற்கும் மாதம் 1,700 ரூபாய் வித்தியாசம், வருஷத்துக்கு 20,400. இந்த மாதங்களில் எந்தக் கடைக்காரரும் எங்களுக்காக விலை குறைக்கவில்லை. நாங்கள் வயிற்றைக் கட்டவும் இல்லை. சாமான் அறையின் நாலு தட்டும் இப்போது சாமானுக்குத்தான். ஒரு பொருளுக்கு ஒரு டப்பா. டப்பா அடி தெரிகிற வரை கடைக்குப் போவதில்லை. ஃபிரிட்ஜுக்கும் இதே சட்டம், ஆனால் அங்கே கிண்ணங்கள் இன்னமும் அத்து மீறுகின்றன, போராட்டம் நடக்கிறது. ஸ்டூலைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டோம்.

டிரங்குப் பெட்டிகளைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்க்க எனக்கு ஒரு வாரம் பிடித்தது. 37 வருஷம் அல்லவா. சில டைரிகளைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன், அதையும் சொல்லத்தான் வேண்டும். கடைசியில் ஒரு டைரி, இரண்டு குரூப் போட்டோ, பிரிவு உபசாரத்தில் கொடுத்த வாழ்த்து மடல், இவ்வளவுதான் எடுத்து வைத்தேன். மற்றதெல்லாம் 24 மாதக் கணக்கில் ஏழு தடவை டெட் சர்ப்ளஸ் ஆகியிருக்க வேண்டியவை.

பழைய பேப்பர்காரர் தராசோடு வந்தார். 61 கிலோ. கிலோ 14 ரூபாய் என்று 854 ரூபாய் எண்ணிக் கொடுத்தார். நான் கை நீட்டுவதற்கு முன் என் மனைவி வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"ரெண்டு தட்டுக்குப் பதினாலு வருஷ வாடகை. பாக்கியை மெதுவாக் குடுங்க" என்றாள்.